கடையின் பின்கட்டுக் கழிப்பறை: நாலடிக்கு ஆறடியில் திட்டமிடுவது எப்படி?



பஜாரில் உள்ள நம் கடைகள் பலவும் முகப்பில் பத்தடி, பன்னிரண்டடி அகலமும், உள்ளே நாற்பது, ஐம்பதடி நீளமும் கொண்டவை. முன்பக்கம் கல்லா, நடுவில் அலமாரிகள், பின்கட்டில் சரக்கு. அந்தச் சரக்குக்கும் பின்னால், சுவரோரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ, ஒரு சிறிய கழிப்பறை இருக்கும். முகப்பு அலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்யும் நாம், அந்த மூலையைக் கடைசியாகத்தான் நினைக்கிறோம்.

எங்கள் கடையிலும் அப்படித்தான் இருந்தது. நாலடி அகலம், ஆறடி நீளம். உள்ளே ஓர் இந்திய முறைப் பீங்கான், கதவோரம் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி, உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தொட்டியின்மேல் காலி அட்டைப்பெட்டிகள். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூவரும் அங்கே போவதைத் தவிர்க்கவே மாலைவரை சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை என்பது, அவர்களில் ஒருவர் நீர்க்கடுப்பு வந்து விடுப்பு எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த சில மாதங்களில், கணக்கெழுதும் பெரியவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டார். அவர் உடம்பே கதவுக்கு அண்டக்கொடுத்தது போல் ஆகிவிட்டது. கதவை உடைத்துத்தான் அவரை வெளியே தூக்கினோம். அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அன்றோடு மராமத்தைத் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தோம்.

2021ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்வோரின் சிரமம் அப்படிச் சட்டத்துக்கு எட்டியது. கழிப்பறைச் சிரமத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படுவார்கள். நாமாகத்தான் கவனிக்க வேண்டும். இருக்கிற சிறிய இடத்திலேயே அதை எப்படிச் சீராக அமைப்பது என்பதை, எங்கள் அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எது வேண்டாம் என்று முதலில் தீர்மானிக்கவும்

நாலடிக்கு ஆறடி என்றால் 24 சதுர அடி. குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. கழிப்பறை மட்டும் என்றால் 1.1 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சதுர அடி போதும். அகலம் மூன்றடிக்குக் குறையக் கூடாது.

கடையில் யாரும் குளிக்கப்போவதில்லை. ஆகவே குளியல் குழாயும் சிமெண்டுத் தொட்டியும் தேவையில்லை. தொட்டியை இடித்த மாத்திரத்தில் எங்களுக்கு நாலு சதுர அடி மிச்சமாயிற்று. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும்போது உள்ளே சேமித்து வைக்க அவசியமில்லை. ஒரு வாளி போதும்.

செங்கல் அளவும் டைல்ஸ் அளவும்

சிறிய அறையில் ஒவ்வோர் அங்குலமும் கணக்கு. சுவருக்குச் சுவர் நாலடி இருக்கிறது என்று நாடாப்பிடித்து எழுதிவிடுகிறோம். பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சும் டைல்ஸும் ஏறும்போது, ஒவ்வொரு சுவரிலும் சுமார் ஒன்றேகால் அங்குலம் போய்விடும். இருபுறமும் சேர்த்தால் இரண்டரை அங்குலம். ஆக, நமக்கு உண்மையில் கிடைப்பது 45½ அங்குல அகலமும் 69½ அங்குல நீளமும்தான். திட்டம் போடுவது இந்த அளவை வைத்துத்தான் இருக்க வேண்டும்.

பழைய சுவர்கள் மூலைமட்டத்துக்கு நிற்பதும் அபூர்வம். தரையோரம், இடுப்புயரம், தலையுயரம் என மூன்று இடங்களில் அளந்து, அவற்றில் குறைந்ததையே கணக்கில் கொள்ளவும்.

கழிவுக் குழாயை நகர்த்த வேண்டாம்

எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டியது, நாலங்குலக் கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறது என்பது. பீங்கான் அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழாயை நாலடி தள்ளி வைத்தால், நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டப்படி ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வேண்டும். அதோடு குழாயின் பருமனும் வளைவும் சேர்ந்தால் தரைக்கடியில் அரையடிக்கு மேல் ஆழம் தேவைப்படும். கீழ்த்தளம் என்றால் தோண்டலாம். மேல்தளம் என்றால் தரையை உயர்த்த வேண்டும், அல்லது கீழ்க் கடையின் கூரையடியில் குழாய் ஓட வேண்டும். பின்னாளில் ஒழுகினால் கீழே இருப்பது ஒருவருடைய ஜவுளிக் கட்டாகவோ அரிசி மூட்டையாகவோ இருக்கும்.

பீங்கான் வாங்குமுன் இரண்டு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். கழிவு தரை வழியாக இறங்குகிறதா, சுவர் வழியாகப் போகிறதா? தரை வழி என்றால் எஸ் டிராப், சுவர் வழி என்றால் பி டிராப். அடுத்து, தரைக் குழாயின் மையம் பின்சுவரிலிருந்து எத்தனை அங்குலம்? சந்தையில் 4, 9, 12 அங்குலம் என வெவ்வேறு அளவுக்கான பீங்கான்கள் வருகின்றன. இந்த அளவும் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்துதான். செங்கல் சுவரிலிருந்து 9 அங்குலம் விட்டுக் குழாய் வைத்தால், டைல்ஸ் ஏறியபின் அது ஏழேமுக்கால் ஆகிவிடும். வாங்கி வைத்த பீங்கான் உட்காராது. இந்தத் தவற்றை நாங்களே செய்து, தரையை மறுபடி உடைத்தோம். சானிட்டரி வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள், பில் போடுமுன் வாடிக்கையாளரிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டால், திரும்பி வரும் சரக்கு வெகுவாகக் குறையும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

எங்கள் அறையில் பின்சுவரில் கழிவுக் குழாய், எதிரே முன்சுவரில் கதவு. மேற்கத்திய முறைப் பீங்கான் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து, பின்சுவரிலிருந்து 26 அங்குலம் நீண்டிருக்கிறது. 69½ அங்குல நீளத்தில் அது போக மீதி 43½ அங்குலம். இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்தால் 30 அங்குலத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 13½ அங்குலம். உள்ளே போனவர் பீங்கானோடு ஒட்டி நின்றுதான் கதவைச் சாத்த வேண்டும். அவர் விழுந்துவிட்டாலோ, வெளியிலிருந்து திறக்கவே வழியில்லை.

அதே கதவு வெளிப்பக்கம் திறந்தால் 43½ அங்குலமும் நமக்கே. பீங்கானுக்கு முன்னால் இரண்டடி இருந்தால் தாராளமாகப் புழங்கலாம். வெளியே நடைபாதை குறுகல் என்றால் தள்ளுகதவோ, இரண்டாக மடியும் கதவோ போடலாம். தாழ்ப்பாள் உள்ளே உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகையாகவும் இருப்பது நல்லது. கதவு திறக்கும் பாதையில் சரக்கு அடுக்கக் கூடாது என்பதைக் கடையில் கண்டிப்பாகச் சொல்லி வைக்கவும்.

சாக்கட்டியால் வரைந்து பாருங்கள்

காகிதத்தில் போட்ட படம் நம்மில் பலருக்குச் சரியாகப் பிடிபடாது. கடையடைத்த பிறகு, கடைத் தரையிலேயே 45½ அங்குலத்துக்கு 69½ அங்குலம் சாக்கட்டியால் ஒரு கட்டம் வரையுங்கள். பீங்கான் வரும் இடத்தில் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை வையுங்கள். வாஷ்பேசினுக்கு இன்னொரு பெட்டியை அடுக்கி உயர்த்துங்கள். பிறகு உள்ளே நின்று, திரும்பி, குனிந்து, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கடையிலேயே பருமனானவரையும் வயதானவரையும் நடக்கச் சொல்லுங்கள். பெண் பணியாளர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பீங்கானின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் குறைந்தது 15 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் அறையில் நடுவில் வைத்ததால் இருபுறமும் 22¾ அங்குலம் கிடைத்தது. வாஷ்பேசினுக்கு முதலில் நாங்கள் நினைத்த இடம் பீங்கானுக்கு எதிரே கதவோரம், பக்கச் சுவரின் நடுவில். அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தபோது உள்ளே நுழைகிறவரின் இடுப்பில் இடித்தது. உடனே அதை முன்சுவர் மூலைக்குத் தள்ளி, 12 அங்குலம் மட்டும் நீளும் சிறிய மூலைப் பேசினாக மாற்றினோம். கட்டிய பிறகு தெரிந்திருந்தால் டைல்ஸை உடைத்திருக்க வேண்டும். அப்போது சாக்கட்டிக் கோட்டை அழித்ததோடு வேலை முடிந்தது.

இந்திய முறையா, மேற்கத்திய முறையா?

இதை முதலாளி தனியாக முடிவு செய்யக் கூடாது. இந்திய முறைப் பீங்கான் சுமார் 23 அங்குல நீளம், 17 அங்குல அகலம். உடம்பு பீங்கானில் படாது என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அதற்குத் தரைக்கடியில் ஓரடிக்கு மேல் ஆழம் தேவை. மேல்தளத்தில் படி கட்டி உயர்த்த வேண்டிவரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்து எழுவதும் கடினம். எங்கள் கடையில் கேட்டபோது, முழங்கால் வலிக்காரர்கள் இருவர் இருந்ததால் மேற்கத்திய முறையையே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எது வைத்தாலும் பக்கச் சுவரில் பிடித்து எழ ஓர் எஃகுக் கைப்பிடி பொருத்தவும். அரை அளவு, முழு அளவு என இரண்டு பொத்தான் உள்ள தண்ணீர்த் தொட்டி 3 லிட்டர், 6 லிட்டராகத் தண்ணீரை விடும். தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் அதன் அருமை தெரியும்.

வாட்டமும் நாற்றமும்

தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். கதவிலிருந்து பின்மூலைத் தரை டிராப்வரை ஆறடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும். பெரிய டைல்ஸில் நாலாபக்க வாட்டம் எடுக்க வராது. ஓரடிக்கு ஓரடி அளவுள்ள, வழுக்காத சொரசொரப்பான டைல்ஸே தரைக்கு ஏற்றது. கழிப்பறைத் தரை கடைத் தரையைவிட ஓரங்குலமாவது தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் சரக்குப் பக்கம் வராது.

தரை டிராப்பில் எப்போதும் நிற்கும் இரண்டங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மறிக்கிறது. தரை கழுவாமல் நாட்கள் போனால் அது வற்றிவிடும். நாற்றம் கடைக்குள் வரும். வாஷ்பேசின் தண்ணீரை அந்தத் தரை டிராப் வழியாகவே விட்டுவிட்டால், ஒவ்வொருவர் கை கழுவும்போதும் அது நிரம்பிக்கொண்டே இருக்கும். நாற்றத்துக்கு இதைவிடச் செலவில்லாத வைத்தியம் வேறில்லை.

டைல்ஸ் ஒட்டுமுன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, டிராப்பை அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தேக்கி வைக்கவும். மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால் இறங்கியதா என்று தெரியும். கீழே கடை இருந்தால் அதன் கூரையையும் பார்க்கவும். மேஸ்திரி அவசரப்பட்டாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காற்றும் சில சிறு வசதிகளும்

பின்சுவரில் உயரத்தில் ஜன்னலும் காற்றை வெளியேற்றும் மின்விசிறியும் இருக்கட்டும். அது கடைக்குள் திறக்காமல் வெளியில் திறக்க வேண்டும். விசிறி இழுக்கும் காற்று உள்ளே வரக் கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி விடவும். சுவிட்சுகள் கதவுக்கு வெளியே இருப்பதே பாதுகாப்பு.

பீங்கானின் பக்கத்தில் மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்று, கைப்பை மாட்டக் கொக்கி ஒன்று, சோப்பு வைக்கச் சிறு பலகை ஒன்று அவசியம். பெண் பணியாளர்களுக்கு இவை இல்லாத கழிப்பறை பாதிக் கழிப்பறைதான். கதவுக்கு மேல் பரண் போட வேண்டாம். போட்டால் ஒரு மாதத்தில் சரக்கு ஏறிவிடும்.

டைல்ஸ் கணக்கு

தரை சுமார் 22 சதுர அடி. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 25 ஓரடி டைல்ஸ். நான்கு சுவர்களின் சுற்றளவு 19 அடி 2 அங்குலம். ஏழடி உயரத்துக்கு 134 சதுர அடி. கதவு போக சுமார் 117. சேதாரத்தோடு 129 சதுர அடி. பின்னால் உடைந்தால் மாற்ற, அதே பெட்டியில் நாலைந்து டைல்ஸை எடுத்து வைக்கவும்.

வியாபாரம் மந்தமான நாட்களில் வேலையைத் தொடங்குங்கள். வேலை முடியும்வரை பணியாளர்கள் பக்கத்துக் கடைக் கழிப்பறையைப் பயன்படுத்த முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். குழாய், கதவு, சாக்கட்டிக் கோடு, அதன்பின் பீங்கான், கடைசியில் டைல்ஸ் நிறம். இந்த வரிசை மாறாதிருந்தால் சிறிய இடமும் போதுமான இடமாகும்.

எங்கள் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு நாளைக்கு ஒன்று காலியாகிறது. முன்பு ஒரு கேன் நாலு நாள் வரும். மராமத்துக்குச் செலவழித்த பணம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், அந்தக் கேனைத்தான் காட்டுகிறேன்.