கடின நீரும் தீர்வும்

தஞ்சோங் கிளிங் வட்டார வீடுகளுக்கு, ஆறுகள், அணைகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வருகிறது. இத்தகைய நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்கும். யாழ்ப்பாணமோ சுண்ணாம்புப் பாறை நிலம். அப்பாறையில் ஊறும் மழைநீர் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்வதால் அங்குள்ள கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீராக உள்ளது.

கடின நீரில் துவைத்தால் சவர்க்காரம் கூடுதலாகச் செலவாகும். நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படிவு படியும். அது வெப்பத்தைத் தடுப்பதால் எரிபொருளும் வீணாகும். வினிகர் ஊற்றி அப்படிவை நீக்கலாம்.

கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். சல்பேட், குளோரைடு உப்புகளால் உண்டாகும் நிரந்தரக் கடினத்தன்மை நீங்காது. அதற்குத் துவைக்கும் நீரில் சலவைச் சோடா சேர்க்கலாம். வீட்டில் அயனிப் பரிமாற்றக் கருவியும் பொருத்தலாம். ஆனால், அக்கருவி நீரில் சோடியத்தைக் கூட்டும். எனவே, இரத்த அழுத்த நோயாளிகள் உள்ள வீடுகளில் குடிநீர்க் குழாயை அதனுடன் இணைக்காதிருப்பது நன்று.