வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது யார்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை இரயிலின் நீராவி எஞ்சின் புறப்படுமுன், பணியாளர் எண்ணெய்க் குவளையும் கையுமாக அதைச் சுற்றிவந்து, அசையும் மூட்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விடுவதைப் பயணிகள் வேடிக்கை பார்ப்பதுண்டு. 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய இப்பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்துக்கொண்டது. அந்த எஞ்சினுக்கு எங்கே, எப்போது எண்ணெய் வேண்டும் என்பதை அதை ஓட்டுகிறவர்களே அறிவார்கள். நம் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும், ஜீப்பிலும், பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டியிலும் எண்ணெய் இரும்புக்குள் மறைந்து கிடக்கிறது. கண்ணில் படாததால் அதை மறந்துவிடுகிறோம்.

இந்த எண்ணெயை நாமே மாற்றலாமா, பட்டறையில் விடுவதா என்பது நம் இளைஞரிடையே ஓயாத வழக்கு. இரு பக்கமும் நியாயம் உண்டு. சமவெளியில் எழும் வழக்கன்று இது என்பதை மட்டும் முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். கல்லட்டிப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 36. ஏறும்போது தாழ்ந்த கியரில் எஞ்சின் கொதிக்கிறது. இறங்கும்போதும் அதே எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மார்கழிக் காலையில் எண்ணெய் குளிரில் தடித்துவிடுவதால், எஞ்சினை முடுக்கியவுடன் அது எல்லா இடத்துக்கும் பரவச் சற்று நேரமாகும். எஸ்டேட்டிலிருந்து கடைவீதிக்கும் திரும்பவுமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு காண்பதில்லை. உள்ளே கசியும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து, மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிகிறது. ஆகவே கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கென்று குறுகிய கெடு தனியே குறித்திருந்தால், மலைவாழ் மக்களாகிய நமக்கு உரியது அதுவே.

தாமே செய்வதில் மாயமொன்றுமில்லை. எஞ்சினைச் சற்றே சூடாக்கி, அடியிலுள்ள திருகைக் கழற்றி, பழையதை வடித்து, வாஷரும் ஃபில்டரும் புதிதாக இட்டு, குறித்த அளவு ஊற்ற வேண்டியதுதான். சிறிய மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ 1 லிட்டர், காருக்கு 3 அல்லது 4 லிட்டர். ஆனால் இரண்டு இடங்களில் நம்மவர் இடறுகிறார்கள். முதலாவது, அளவு பார்க்கச் சமதளம் வேண்டும். நம் வீடுகளோ சரிவில் நிற்கின்றன. சரிவில் ஜாக்கி வைத்துக் காரின் அடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். (கோவில் முற்றம் சமதளந்தான். ஆயினும் ஞாயிறு மாலைகளில் அங்கே விழும் கறைகளைத் திங்கள் காலையில் தேய்க்கிறவர் உபதேசியார் என்பதை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டும்!) இரண்டாவது, மிச்சமிருக்கிறதே என்று கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருளால் கிளட்ச் வழுக்கிவிடக்கூடும். பின்னால் மனைவியும் பிள்ளையும் அமர்ந்திருக்க, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினால் என்னவாகும்? டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

பட்டறையில் விடுவோரின் குறை வேறு. சாவியைக் கொடுத்துவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்துவிடுகிறார்கள்; பிறகு எண்ணெய் மாற்றினானோ இல்லையோ என்று வீடு வரை ஐயுறுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய டப்பாவின் மூடியை உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். அது அவமதிப்பாகாது. செய்த வேலையைக் காட்டுவதில் நேர்மையான தொழிலாளிக்கு மகிழ்ச்சியே. புனித திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் விடுத்த சுற்றுமடலில் மனித உழைப்பின் மாண்பை விரிவாக எடுத்துரைத்தார். எண்ணெய்க் கறை படிந்த கைக்குக் கூலியைப் பேரம் பேசிக் குறைக்கும் நம் பழக்கத்தை அதன் முன் வைத்துப் பார்க்கலாம். கன்னியர் பதின்மர் உவமையிலும் மதியற்றோர் ஐவரின் குற்றம் விற்பவரிடம் சென்றதன்று, நள்ளிரவு வரை போகாதிருந்ததே. பிக்கப் வண்டியே பிழைப்பாக உள்ள குடும்பத்துக்கு எஞ்சின் இறுகிப்போவது மாதக்கணக்கில் அடுப்பெரியாத துன்பம்.

ஆயினும் இந்த வழக்கில் என் தீர்ப்பு வேறொன்றைப் பொறுத்தது. வடித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது? வேலிக்கம்பங்களில் கறையானுக்குப் பூசுவோர் உண்டு. கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவோர் உண்டு. எஞ்சியது சாக்கடைக்குப் போகிறது. குன்னூர்ச் சாக்கடையில் ஊற்றியது ஆற்றில் இறங்கி, மேட்டுப்பாளையத்தருகே பவானியில் சேர்கிறது. பவானியோ அணையில் தங்கிக் காவிரிக்குச் செல்கிறது. எஞ்சினில் உழைத்த எண்ணெயில் உலோகத் துகள்களும், எரிந்த எரிபொருளின் நச்சுப் பொருள்களும் கலந்திருக்கின்றன. நாள்தோறும் தோலில் படுவதே தீங்கு. கையுறை வேண்டும் என்பது இதனாலேயே. அதை அடுப்பிலிட்டு எரித்தாலோ அந்த நஞ்சு புகையாகிறது. மேட்டில் வாழ்கிறவன் ஊற்றுவதைப் பள்ளத்தில் வாழ்கிறவன் குடிக்கிறான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த ‘லவுதாத்தோ சி’ மடலில் தண்ணீருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியதை நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். சாக்கடையோரம் நிற்கையில் நினைப்பதில்லை.

சட்டமும் இதைச் சாதாரணக் குப்பையாகக் கருதுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவைச் சேர்ந்தது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்போரிடமே அது போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் உற்பத்தியாளர்க்கும் அதில் பொறுப்பு உண்டு. முறையாகச் சுத்திகரித்தால் அது மீண்டும் எஞ்சின் எண்ணெய்க்கு மூலப்பொருளாகிறது.

ஆகவே பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து முறையாக அனுப்பும் பட்டறை உங்கள் ஊரில் இருப்பின், அங்கே மாற்றுவதே மேல். எண்ணெய் வாங்குமுன் அந்தப் பீப்பாயைக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குச் சென்று பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தாமே செய்வதில் ஆர்வமுள்ள இளைஞரைத் தடுப்பதற்கில்லை. புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, மேலே பெயரெழுதி, மண்ணெண்ணெயும் சமையல் எண்ணெயும் இருக்கும் பக்கம் வைக்காமல், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் பட்டறைப் பீப்பாயில் சேர்த்துவிடட்டும்.