உலாவியின் தேடல் பெட்டிக்குள் இன்னொரு தளம் நுழைவது எப்படி?

வரலாற்று இடுபணிக்காக "தென்னமரம் தோட்டம்" என்று உலாவியில் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் உள்ள தோட்டம் அது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். 1917-இல் அதை உருவாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு, 1930-இல், நாவலுக்காகக் கோன்கூர் பரிசும் வாங்கியவர். ஆனால் ஒரு பொதுத் தேடுபொறிக்கு இந்தக் கதையெல்லாம் முதலில் தோன்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. தென்னை வளர்ப்பு, தேங்காய் விலை என்று அது வேறு பக்கம் ஓடிவிடலாம்.

இன்னொரு சிக்கல், ஊர்ப் பெயர். 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆனது. வீட்டில் பெரியவர்கள் வாயில் இன்னமும் பழைய பெயர்தான். ஆக, ஒரே விஷயத்தைத் தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை, பழைய பெயரில் ஒரு தடவை என்று பல இடங்களில் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தளமாகத் திறந்து, அதன் தேடல் பெட்டியைக் கண்டுபிடித்துத் தட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தளத்தைத் திறக்காமலே, முகவரிப் பட்டையிலிருந்து நேராக அந்தத் தளத்திடம் கேட்கலாம். தமிழ் விக்கிப்பீடியா ஒரு நல்ல உதாரணம். 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தளம்.

சரி, அந்தத் தளத்தில் தேட முடியும் என்று உலாவிக்கு யார் சொன்னது?

தளமேதான் சொல்கிறது. ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் நம் கண்ணில் படாத ஒரு தலைப்பகுதி இருக்கும். அதில் ஒரே ஒரு வரி: "இங்கே தேடும் வசதி உண்டு, விவரம் இந்தக் கோப்பில் இருக்கிறது." பக்கம் திறக்கும்போதே உலாவி இதைப் படித்துவிடுகிறது.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், இதற்குத்தானா இவ்வளவு என்று தோன்றும். தளத்தின் பெயர், சின்ன விளக்கம், ஒரு படக்குறி, கடைசியாக ஒரு முகவரி. அந்த முகவரியில் ஓர் இடம் மட்டும் காலி. விண்ணப்ப பாரத்தில் பெயர் எழுத விட்டிருக்கும் கோடு மாதிரி. நீங்கள் தட்டிய சொல்லை உலாவி அங்கே நிரப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். தமிழ்ச் சொல் என்றால் முகவரி நீண்டுவிடும். 'த' என்ற ஒற்றை எழுத்தே அங்கே ஒன்பது குறிகளாக மாறிப் போகும். முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியாக நீளுமே, அது இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓப்பன்சர்ச். அமேசானின் ஏ9 நிறுவனம் 2005-இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7-உம் ஃபயர்ஃபாக்ஸ் 2-உம் ஏற்றுக்கொண்டன. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் இந்தக் கோப்பைத் தானாகவே தயாரித்துவிடும். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக! அதனால் தமிழ் விக்கிப்பீடியாவும் மலாய் விக்கிப்பீடியாவும் உங்கள் உலாவிக்கு இரண்டு வெவ்வேறு தேடுபொறிகள்.

எப்படிச் சேர்ப்பது?

கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால், தளத்தைத் திறந்து முகவரிப் பட்டையில் வலது கிளிக் செய்யுங்க. சேர்க்கவா என்று அதுவே கேட்கும். குரோம் சத்தமில்லாமல் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அமைப்புகளில் தேடுபொறிப் பட்டியலுக்குப் போய் நீங்கள்தான் அதை உயிர்ப்பிக்க வேண்டும். சுருக்கமாக ஓர் எழுத்தையும் அங்கேயே கொடுத்துவிடலாம். பிறகு அந்த எழுத்து, டேப் பொத்தான், தேடும் சொல். வேலை முடிந்தது. சஃபாரியில், தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியை ஒரு தடவை பயன்படுத்தினால் அது கற்றுக்கொள்ளும்.

முன்பெல்லாம் ஒரு தளம் தன் பக்கத்தில் பொத்தான் வைத்து, அதை அழுத்தியதுமே "என்னைச் சேர்த்துக்கொள்" என்று உலாவியைக் கேட்க வைக்க முடிந்தது. இப்போது அந்தக் கட்டளைக்கு எந்த வேலையும் இல்லை. சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது. நல்லதுதான் என்பேன்.

பயப்பட வேண்டுமா?

இந்தக் கோப்பு ஒரு நிரல் அல்ல. நீங்கள் பார்க்கும் மற்ற பக்கங்களை அதனால் படிக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்க. பரிந்துரை கேட்கும் முகவரியும் அதில் இருக்கலாம். அந்தத் தேடுபொறியைத் தேர்ந்தெடுத்த பிறகு, பரிந்துரை வசதியும் இயங்கினால், நீங்கள் தட்டத் தட்டவே எழுத்துகள் அந்தத் தளத்துக்குப் போகும்.

உண்மையான தொல்லை தருவது வேறு ஆள். "உங்கள் தேடலை மேம்படுத்துகிறோம்" என்று வரும் நீட்சிகள். அவை நிரல்கள், அனுமதி கேட்பவை. "தேடல் அமைப்பை மாற்றலாமா", "எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கலாமா" என்று கேட்டால், அவசரப்பட்டுச் சரி சொல்லாதீங்க. அண்ணன், தங்கை, அப்பா எல்லாரும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் இது இன்னும் முக்கியம். ஒருத்தர் போட்ட நீட்சி எல்லாருடைய கேள்வியையும் வேறு எங்கோ திருப்பிவிடும். தேடினால் எப்போதும் தெரியாத ஒரு பக்கமே வருகிறதா? முதலில் நீட்சிகள் பட்டியலைத் திறந்து, யார் போட்டது என்றே தெரியாததை நீக்குங்க. அடுத்து தேடுபொறிப் பட்டியலில் இயல்பாக எது இருக்கிறது என்று பாருங்க.