நடவுக்குப் போகும் தாய்மார்கள்... குழந்தைகளை யார் பார்ப்பது?
வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்க நினைப்பவர்களுக்கு...

‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். எனக்கு முதுகுவலி இருப்பதால் நடவு, களையெடுப்புக்குப் போக முடிவதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் காலை 7 மணிக்கே பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு வயலுக்குப் போகிறார்கள். போன வருடம் வரப்போரம் தூளியில் தூங்கிய ஒரு குழந்தை, எழுந்து தவழ்ந்து வாய்க்கால் வரை போய்விட்டது. நல்லவேளையாக யாரோ பார்த்தார்கள். அதன் பிறகுதான் எல்லோரும் என் வீட்டைத் தேடி வருகிறார்கள். இப்போது 6 குழந்தைகள். பணம் வாங்கலாமா? லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?’

டெல்டா பகுதியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. பல கிராமங்களில் இருக்கும் கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அங்கன்வாடி இருக்கிறதே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் துணைவியார் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, 1972-ல் கொடுத்த அறிக்கை, 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு முக்கிய அடித்தளம். ஆனால், சத்துமாவு, தடுப்பூசி, முன்பருவக் கல்விதான் அங்கன்வாடியின் முக்கிய வேலைகள். கைக்குழந்தையை நாள் முழுக்க வைத்துப் பார்ப்பதற்காக அது அமைக்கப்படவில்லை. மையம் திறப்பதற்குள் நடவு ஆட்கள் வயலில் இறங்கிவிடுகிறார்கள். இந்த இடைவெளியைத்தான் உங்களைப் போன்றவர்கள் நிரப்புகிறீர்கள்.

மாறிவரும் விதிகள்

2017-ல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் கட்டாயமானது. அடுத்த ஆண்டே காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டுதல்களை மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்டது. 2022-ல் ‘மிஷன் சக்தி’யின் கீழ் ‘பால்னா’ திட்டம் வந்தது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் இதில் அடங்கும். 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகள், ஒரு காப்பகத்துக்கு அதிகபட்சம் 25 பேர், மாதம் 26 நாள்கள், தினமும் ஏழரை மணி நேரம் என்பது கணக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனங்கள் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி செய்திருக்கிறது.

இவையெல்லாம் நிறுவனங்களுக்கும் அரசு உதவி பெறும் காப்பகங்களுக்கும்தானே, நமக்கு என்ன என்று விட்டுவிடக் கூடாது. நாளை ஒரு பிரச்னை வந்தால், ‘எந்த அளவுகோலை வைத்துக் குழந்தைகளைப் பார்த்தீர்கள்?’ என்ற கேள்விக்கு இவைதான் பதில்.

இரண்டு எல்லைக்கோடுகள்

தாண்டக் கூடாத கோடுகள் இரண்டு.

ஒன்று, இரவுத் தங்கல். குழந்தைகளை இரவில் தங்கவைத்தால் அது இல்லம் அல்லது விடுதி ஆகிவிடும். 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். ‘இன்று ஒரு ராத்திரி மட்டும்’ என்று கேட்டாலும், மறுத்துவிடுவதே நல்லது.

இரண்டு, பள்ளிக்கூடப் பெயர்ப் பலகை. ‘ப்ளே ஸ்கூல்’ என்று எழுதி, பாடம் நடத்திக் கட்டணம் வாங்கினால், 2015-ல் வந்த விளையாட்டுப் பள்ளிகளுக்கான விதித்தொகுப்பு குறுக்கே வரும். கல்வித்துறையின் அங்கீகாரம் தேவைப்படும்.

பகலில் மட்டும் சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது இந்த இரண்டுக்குள்ளும் வராது. அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் நடத்த வேண்டாம். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலும் ஊராட்சியிலும் எழுத்து மூலம் தகவல் கொடுத்து, ‘வேறு ஏதேனும் பதிவு தேவையா?’ என்று கேளுங்கள். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்துபவருக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

எத்தனை குழந்தைகள்?

2018 வழிகாட்டுதலின்படி, 3 வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 20 குழந்தைகளுக்கு ஒருவர். ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம். இது அதிகபட்சக் கணக்கு. தனியாளாக இருக்கும்போது கைக்குழந்தைகள் இரண்டோடு, மொத்தம் ஆறோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மற்றவர்களை யார் பார்ப்பது என்பதை யோசித்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

விவசாய வீட்டில் கூடுதல் கவனம்

* பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து, தெளிப்பான் எல்லாம் பூட்டிய அறைக்குள் போக வேண்டும். குளிர்பான பாட்டிலில் மருந்து ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.
* கிணறு, தொட்டி, பண்ணைக்குட்டைக்கு வேலியோ மூடியோ வேண்டும். வாளித் தண்ணீரில்கூடத் தவழும் குழந்தை மூழ்கிவிடும்.
* டிராக்டர் எடுக்கும்போது, குழந்தைகள் எல்லோரும் திண்ணையில் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.
* முழு நிலக்கடலை, புளியங்கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் இரண்டு செல்போன் எண்கள், தடுப்பூசி அட்டை நகல், ஒவ்வாமை, அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள்... இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வந்த நேரம், போன நேரம் தினமும் பதிவாக வேண்டும். காய்ச்சல் இருந்தால் அன்று அனுமதி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 108, 1098 எண்கள் சுவரில் பெரிதாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்துபோகும் ஆண்கள் யாராக இருந்தாலும் குழந்தையோடு தனியாக விடக் கூடாது. இதில் உறவு, நட்பு பார்க்கவே வேண்டாம்.

கூலி கேட்க வெட்கம் வேண்டாம்!

உதாரணத்துக்கு, ஒரு குழந்தைக்கு நாளைக்கு 60 ரூபாய் என்றால் 6 பேருக்கு 360 ரூபாய். பால், சுண்டல், சோப்பு என்று 100 ரூபாய் போனால் 260 நிற்கும். வேலை உள்ள மாதத்தில் 20 நாள்களுக்கு 5,200 ரூபாய். வேலை இல்லாத மாதங்களில் இது குறையும் என்பதால், இதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. மகளிர் குழுவில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டால், உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் காப்பகம் நடக்கும்.

பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று 2005-ம் ஆண்டின் 100 நாள் வேலைச் சட்டமே ஒப்புக்கொண்டது. பணியிடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 5 பேர் இருந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்தி, கூலியும் தர வேண்டும் என்றது அது. சகோதரி, நீங்கள் கேட்பதும் அதே கூலியைத்தான். தயங்காமல் கேளுங்கள். ஆனால், அதற்கு முன்பாக அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள்.