படகு கால் பணம், கரை முக்கால் பணம்

லண்டனில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் போன் செய்தான். “மாமா, 57 அடி நாரோபோட் ஒண்ணு 55,000 பவுண்டுக்கு வருது. இங்க ஈஸ்ட் ஹாம்ல வாடகைக்கே மாசம் 1,900 கொட்டுறேன். ரெண்டரை வருஷத்துல போட்ட காசு வந்துடும்ல?”

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் கால்வாயில் மிதக்கும் அந்தக் குறுகலான படகின் விலையை மட்டும்தான் அவன் கணக்கில் எடுத்திருந்தான். அதைக் கட்டி நிறுத்தும் கரைக்கு என்ன விலை என்று கேட்கவேயில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் ‘கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அந்த நீர்வழிகளில் படகு வைத்திருக்க ஆண்டு உரிமம் வேண்டும். படகின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம். 57 அடிக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகும். உரிமம் கிடைக்க 1995ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று நிபந்தனைகள் போடுகிறது. ஒன்று காப்பீடு. இன்னொன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ். இவை இரண்டும் பணம் கட்டினால் முடிகிற விஷயம். மூன்றாவதில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன: படகைக் கட்ட நிரந்தர இடம், அதாவது ‘மூரிங்’, இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூரிங்கிலும் இரண்டு ஜாதி உண்டு. பெரும்பாலானவை பொழுதுபோக்குப் படகுக்கானவை. அங்கே முழுநேரமும் குடியிருக்க அனுமதி கிடையாது. குடியிருக்க அனுமதியுள்ள இடங்கள் குறைவு, லண்டனில் ஆண்டு வாடகை 10,000 பவுண்டைத் தாண்டுபவையும் உண்டு. அதற்கு மேல் கவுன்சில் வரி வேறு. “எல்லாரும் இருக்காங்க, யாரும் கேக்கமாட்டாங்க” என்று தரகர் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார். குடியிருப்பு மூரிங் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், ஒருநாள் கிளம்பச் சொல்லும்போது காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது.

ஒப்பந்தம் கையில் இருந்தாலும் அது வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு ஈடல்ல. அனுமதி பெற்ற தளங்களில் கேரவனில் குடியிருப்பவருக்கு 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அந்தச் சட்டம் படகுக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் நான்கு வார நோட்டீஸ் என்று இருந்தால் நான்கு வாரம்தான். கையெழுத்துக்கு முன் நான் முதலில் புரட்டிப் பார்க்கச் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான். சமையலறையின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, மூரிங்கே வேண்டாம், நகர்ந்துகொண்டே இருப்போம் என்றால்? ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. பக்கத்துப் பாலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது பயணக் கணக்கில் சேராது. ஓர் உரிம காலத்தில் படகு சென்றுவரும் எல்லையின் இரு முனைகளுக்கு இடையே 15 முதல் 20 மைலாவது இருக்க வேண்டும் என்று டிரஸ்ட் எதிர்பார்க்கிறது. பள்ளிக்கூடம் நகராதே! பிள்ளையின் பள்ளியோ அப்பாவின் வேலையோ ஒரே இடத்தைச் சுற்றி நிற்பதற்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. போதாக்குறைக்கு, நிரந்தர மூரிங் இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரலில் உரிமத்தின் மேல் 5 சதவீதம் கூடுதல் கட்டணம் வந்தது. படிப்படியாக ஏறி 2028இல் 25 சதவீதத்தில் நிற்கும் என்பது அறிவிப்பு.

இனி அன்றாடச் செலவு. போன குளிர்காலத்தில் அப்படியொரு படகில், அதில் குடியிருக்கும் குடும்பத்தோடு இரண்டு இரவு தங்கினேன். உள்ளே நம் ஊர் ரேழி அகலம்தான். இரும்பு அடுப்பில் நிலக்கரி கனன்றபடி இருக்க, காலையில் ஜன்னலெல்லாம் வேர்த்து வழிந்தது. மெத்தையைத் தூக்கினால் அடியில் ஈரம். பெரிய பெண்ணின் கணக்கு நோட்டு அப்பளம்போல் நெளிந்திருந்தது. நான்கு பேர் குடும்பத்துக்குக் கழிவறையின் 20 லிட்டர் பெட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது. வீட்டுக்காரர் அதைத் தள்ளுவண்டியில் வைத்து, கரையோரச் சேற்றில் முக்கால் மைல் தள்ளிப்போய்க் கொட்டிக் கழுவி வந்தார். இதற்குக் கூலி போட்டுப் பார்த்தால் என் மருமகனின் கணக்கு அங்கேயே முழுகிவிடும்.

நிலக்கரி மூட்டை, கேஸ் சிலிண்டர், டீசல் போக, இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். விட்டால் துரு தின்றுவிடும். எஃகுத் தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் முகம் சுளிக்கும். அதனால் சர்வேயரைச் சொந்தச் செலவில் வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வீடு, நிலத்துக்கு இருப்பதுபோல் படகுக்குக் கட்டாயப் பட்டாப் பதிவு கிடையாது. விற்பவர் வாங்கியபோது பெற்ற ரசீது, கடன் பாக்கியில்லை என்ற சான்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். உரிமச் சீட்டு உரிமையாளர் யார் என்பதற்குச் சான்றாகாது. சாதாரண வீட்டுக் கடனும் இதற்குக் கிடைக்காது.

உயிராபத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ கிடையாது. அடுப்புப் புகைக்குழாய் அடைத்தாலும், அணைந்துவிட்டது என்று நினைத்து பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்தாலும் அது நிறைந்துவிடும். இப்படிப் படகுகளில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சான்றிதழுக்கு இதன் அலாரம் கட்டாயம். தலைவலி, குமட்டல், அசதி என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் சளிக்காய்ச்சல் என்று படுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் வெளியே வாருங்கள், பிறகு அவசர எண் 999.

இத்தனைக்கும் நடுவில் உரிமைகளும் இருக்கின்றன, கேட்பவருக்குத்தான் கிடைக்கும். நோய், பிரசவ நேரம், என்ஜின் கோளாறு, கால்வாய் உறைந்துபோவது போன்றவற்றுக்கு 14 நாளுக்கு மேல் நிற்க அனுமதி கோரலாம். கெடு முடியும் முன்பே மின்னஞ்சலில் எழுதி நகலை வைத்திருங்கள். ஊனமுற்றவர் இருந்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான சலுகை தரவேண்டியது டிரஸ்ட்டின் கடமை. படகை அகற்றுவதாக நோட்டீஸ் வந்தால் உடனே இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் போங்கள். ஆள் குடியிருக்கும் படகை நீதிமன்ற ஆணை பெற்ற பிறகே அகற்றுவது நடைமுறை. டிரஸ்ட்டிடம் கொடுத்த புகார் தீராவிட்டால் நீர்வழிகளுக்கென்றே ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டின் வீட்டுச் செலவுப் பகுதியில் மூரிங் கட்டணத்தையும் கேட்கலாம். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக் உங்களைப் பதிவுசெய்ய மறுக்கக்கூடாது. 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, ஒருவருக்குப் படகு இருந்தும் அதை நிறுத்திக் குடியிருக்க அனுமதியுள்ள இடம் எங்கும் இல்லையென்றால், அவர் வீடற்றவராகவே கருதப்படுவார். கவுன்சிலிடம் உதவி கேட்கலாம். படகு சொந்தமாக இருந்தும் ஒருவர் வீடற்றவராக முடியும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது, பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன், “ஏன் மாமா பயமுறுத்துறீங்க” என்றான். ஜனவரியில் ஒரு வாரம் அப்படியொரு படகை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளோடு தங்கிப் பார். அதற்கு முன் தரகரிடம் ஒரே ஒரு கேள்வி கேள் என்றேன். மறுநாள் தரகரின் பதிலை அனுப்பியிருந்தான். விற்பனைக்குப் படகு மட்டும்தானாம், மூரிங் சேராதாம். பணம் கட்டிய 14 நாளுக்குள் படகை அங்கிருந்து எடுத்துவிட வேண்டுமாம்.