கேஸ் ஜெயிச்சும் காற்றாலை நிற்கவில்லை

இந்த எபிசோடில் நார்வேக்குப் போகலாம். காற்றாலைன்னா நல்ல விஷயம்தானே, அதை எதிர்த்து யாராவது கேஸ் போடுவாங்களா? போட்டாங்க. உச்ச நீதிமன்றத்தில் ஜெயிச்சாங்க. ஆனா ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை. எப்படின்னு பார்க்கலாம்.

நார்வேயின் நடுப்பகுதியில், ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் பக்கத்தில், ஃபோசன் என்று ஒரு தீபகற்பம். அங்கே துருவ மான், அதாங்க ரெயின்டீர், மேய்த்து வாழ்கிறவர்கள் தெற்கு சாமி மக்கள். (நம்ம கும்பிடுற சாமி இல்லை, அந்தப் பூர்வகுடிகளோட பேரே அதுதான்.) தெற்கு சாமி மொழியைப் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். அந்த மொழி இன்னும் தினமும் புழங்குகிற முக்கியமான இடம் மான் மேய்ச்சல். மேய்ச்சல் போனால் கூடவே மொழியும் போகும்.

சரி, மேய்ச்சலுக்கு ஒரு இடம் போனால் இன்னொரு இடம் பார்த்துக்கலாமே? இங்கேதான் அவர்களுடைய அறிவு வருகிறது. குளிர்காலத்தில் இந்த மானுக்கு முக்கியமான சாப்பாடு லைக்கன். பாறையிலும் தரையிலும் ஒட்டிக்கிட்டு ரொம்ப மெதுவா வளர்கிற ஒன்று. பனிக்கு அடியில் இருப்பதை மான் மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்னும். ஆனா பனி மேல் மழை பெய்து உறைஞ்சுட்டா, கண்ணாடி மாதிரி ஐஸ் மூடிடும். கீழே சாப்பாடு இருக்கும், மானுக்கு எட்டாது. பனிக்கு அடியில் மேய்ச்சல் கிடைக்குமா என்கிற நிலையைக் குறிக்க வடக்கு சாமி மொழியில் தனி வார்த்தையே உண்டு: குவொஹ்துன். அந்த மாதிரி மோசமான சமயத்தில் மேய்ப்பர்கள் நம்புவது உயரமான மேடுகளை. அங்கே காற்று பலமா அடித்து பனியைத் தள்ளிவிடும், லைக்கன் கைக்கெட்டும்.

காற்று பலமா அடிக்கிற மேடு. காற்றாலைக்கும் அதே மேடுதான் வேணும்.

2010-ல் உரிமம் கொடுத்தார்கள். ஸ்டோர்ஹையாவில் 80, ரூவானில் 71, மொத்தம் 151 காற்றாலைகள். முக்கியப் பங்குதாரர் ஸ்டாட்கிராஃப்ட், நார்வே அரசுக்கே சொந்தமான கம்பெனி. காற்றாலை சுத்துற இடத்துக்கு மான் வராது என்று மேய்ப்பர்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வேலையும் நடந்தது. கட்டுமானத்தை நிறுத்தி வையுங்கள் என்று 2018-ல் ஐ.நா. குழு கேட்டும் அரசு கேட்கவில்லை.

2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் குளிர்கால மேய்ச்சல் நிலம் போயிடுச்சுன்னு ஒத்துக்கொண்டது. தீர்வு? சுமார் 9 கோடி குரோனர் இழப்பீடு. மானை வேலிக்குள் அடைச்சு தீவனம் போடுங்கள் என்ற கணக்கு. எனக்கு இது, வயலை எடுத்துக்கிட்டு ‘மாசாமாசம் அரிசி மூட்டை தர்றோம், இனி நீயும் விவசாயிதான்’ என்று சொல்வது போலத் தெரிகிறது. மேய்ப்பருக்குத் தெரிந்த அத்தனையும் அந்தக் கணக்கில் பூஜ்யம்.

2021 அக்டோபர் 11. உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: உரிமம் செல்லாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டின்படி வாழும் உரிமையைக் காக்கிறது. அது மீறப்பட்டிருக்கிறது. அந்தத் தீவன யோசனை ரொம்ப நிச்சயமற்றது, அதைக் கணக்கில் எடுக்க முடியாது. பசுமை ஆற்றல் தேவைதான், ஆனா மேய்ப்பர்களை இவ்வளவு பாதிக்காத வேறு வழிகள் இருந்தன என்றும் தீர்ப்பு சொன்னது. இந்தக் கடைசி வரி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பூமியைக் காப்பாத்தணுமா, சாமி மக்களைக் காப்பாத்தணுமா என்று கேட்பதே பொய்யான கேள்வி என்றாகிறது.

ஆனா காற்றாலையை என்ன செய்யணும்னு தீர்ப்பு சொல்லவில்லை. அது சுத்திக்கிட்டே இருந்தது. 500 நாள் ஆனதும், 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சிலர் தங்கள் பாரம்பரிய உடையான காக்தியை உள்பக்கம் வெளியே தெரிய மாற்றிப் போட்டிருந்தார்கள். அது அவர்களோட எதிர்ப்பு அடையாளம். கிரெட்டா துன்பெர்க்கும் சேர்ந்துகொண்டார். காலநிலைக்காகப் போராடுகிறவர் காற்றாலைக்கு எதிராகவா என்று பலர் கேலி செய்தார்கள். ஒரு வாரத்தில் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

இது முதல் தடவையும் இல்லை. 1979-ல் ஆல்டா ஆற்றில் நீர்மின் அணை கட்டுவதை எதிர்த்து, நாடாளுமன்றத்துக்கு வெளியே சாமி மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை வந்தது. பத்து வருஷம் கழித்து சாமி நாடாளுமன்றமும் வந்தது.

ஃபோசனில் 2023 டிசம்பரில் தெற்குக் குழுவும், 2024 மார்ச்சில் வடக்குக் குழுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வருஷாவருஷம் பணம் வரும். தெற்குக் குழுவுக்கு வேறு குளிர்கால மேய்ச்சல் நிலமும் தருவதாகப் பேச்சு. இப்போதைய காலம் முடிந்தபின் உரிமத்தை நீட்டிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் மேய்ப்பர்களுக்கு உண்டு. அந்த அதிகாரம் பெரும்பாலும் அன்னிக்கு அமைச்சக வாசலில் உட்கார்ந்திருந்த தலைமுறையின் கைக்குத்தான் வரும். அதுவரைக்கும் ஸ்டோர்ஹையா மேட்டில் மானுக்கு இடமில்லை.