முகமூடியோடு பழகிய இரவுகள்

குறட்டை விடுபவர் நன்றாகத் தூங்குகிறார் என்றே நம் வீடுகளில் நினைக்கிறோம். என் குறட்டையோடு மூச்சும் நின்று போவதைக் கவனித்தவர் என் மனைவி. உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. 30-ஐத் தொட்டாலே கடுமையான நிலை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதே காரணம்.

மருத்துவர் ‘சிபேப்’ கருவியைப் பரிந்துரைத்தார். முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சுப்பாதையைத் திறந்தே வைக்கும் கருவி அது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட சிகிச்சை முறை.

முதல் வாரம் போராட்டம்தான். மூக்கு வறண்டது. விடிந்து பார்த்தால் முகமூடி தலையணைக்கு அடியில் கிடக்கும். “அப்பா, விமானி மாதிரி இருக்கீங்க!” என்று மகள் சிரித்தாள்.

மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போதே அரை மணி நேரம் அணிந்து பழகினேன். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல உயரும் வசதி மூச்சுமுட்டும் உணர்வைப் போக்கியது. ஈரப்பதத்துக்கான தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றியதும் வறட்சி தணிந்தது. காற்று கசிந்தபோது பட்டையை இறுக்காமல், வேறு அளவு முகமூடி கேட்டு வாங்கினேன்.

ஆறாவது வாரத்தில் காலைத் தலைவலி மறைந்தது. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஓட்டும்போது இப்போது கண் சொருகுவதில்லை. எனக்கு அதுதான் பெரிது.

இக்கருவி நோயை அடியோடு குணப்படுத்தாது. அணியும் இரவுகளில் மட்டுமே காக்கும். அதனால் தீபாவளிக்கு ஈப்போ போனாலும் கூடவே வருகிறது. உங்கள் வீட்டில் யாராவது குறட்டைக்கு நடுவே மூச்சுத் திணறினால், கேலி வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.